பெட்டியில தட்டுற அந்த டக் டக் சத்தம்: வாசகர் கேள்வி – பதில்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்றப்போ போற போக்குல, "பம்பாய்ல வேலை பாத்தப்போ சர்ச்கேட் ஸ்டேஷன்ல ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டுதான் ஆபீஸ் போவேன், இப்போ அந்தத் தொழிலே மெல்ல மறையுது"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த வாரம் முழுக்க அதேதான்.

ஐயா, மெடிக்கல் ரெப்பா முப்பது வருஷம் அலைஞ்சவன் நான். ஒரு காலத்துல பெரிய ஸ்டேஷன்ல இறங்கினாலே "பாலிஷ் சார், பாலிஷ்"ன்னு குரல் கேக்கும். இப்போ கேக்கறதே இல்ல. அவங்கல்லாம் எங்க போனாங்க? – வாசகர், மதுரை

சார், மெடிக்கல் ரெப்னா ஷூவும் பையும்தான் பாதி வேலைய பாக்கும், உங்களுக்கு இது தெரியாம இருக்காது. நம்ம ஊர்ல பாலிஷ் மட்டுமே போட்டு பொழைச்சவங்க எப்பவுமே கம்மிதான். பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை நட்டு உக்காந்திருக்கற செருப்பு தைக்கிறவர், வாரு தைக்கிறது, ஆணி அடிக்கிறதுன்னு இருக்கற வேலைக்கு நடுவுல பாலிஷும் போட்டுக் கொடுப்பார், அவ்ளோதான். வேர்க்கற ஊரு, செருப்பு போடற ஊரு, ஷூ போடறவங்க எண்ணிக்கையே குறைவு.

பம்பாய் கதையே வேற. அங்க பாலிஷ் ஒரு தனித் தொழில். நான் இருந்த காலத்துல ரயில்வே கண்டபடி யாரையும் பிளாட்பாரத்துல உக்கார விடாது, கூட்டுறவு சங்கம் மூலமா லைசென்ஸ் வாங்கி, சங்கம் ரயில்வேக்கு கட்டணம் கட்டி, யூனிஃபார்ம் போட்டுட்டு ஆளுக்கு ஒரு இடம்னு உக்காருவாங்க. நான் 1989ல போய்ச் சேர்ந்தப்போ முதல்ல கவனிச்சது அந்த சத்தத்ததான். ரயில் வந்து நின்னதும் ஆயிரக்கணக்குல ஜனம் இறங்கும், இவங்க வாயத் திறந்து கூப்பிட மாட்டாங்க, அந்த இரைச்சல்ல கூப்பிட்டாலும் கேக்காது, பிரஷ்ஷோட முதுகால மரப்பெட்டியில டக் டக்னு தட்டுவாங்க, அந்த சத்தம் மட்டும் ஜனத்தோட கால் சத்தத்த தாண்டி தனியா கேக்கும். போய் பெட்டி மேல கால வச்சா பேச்சே கிடையாது. ஒரு கால்ல பூசினதும் மறுபடி டக்குன்னு ஒரு தட்டு, கால மாத்தி வைன்னு அர்த்தம். ரெண்டு மூணு நிமிஷத்துல ரெண்டு காலும் முடிஞ்சு, நீங்க காசு கொடுத்துட்டு கூட்டத்தோட கரைஞ்சிருவீங்க.

குறைஞ்சதுக்கு காரணம்னு ஒண்ண மட்டும் கை காட்ட முடியாது சார். முதல்ல காலே மாறிப்போச்சு, தோல் ஷூ போட்டவங்க துணியும் ரப்பருமா இருக்கற ஸ்னீக்கருக்கு மாறிட்டாங்க, அதுல பாலிஷ் போட என்ன இருக்கு. ஐடி கம்பெனிங்க வந்தப்புறம் டை கட்டிட்டு வரச் சொல்ற ஆபீஸே குறைஞ்சு போச்சு. வீட்லயே ஒரு தேய்ப்பு தேய்ச்சா மின்னுற ஸ்பாஞ்ச் டப்பா வந்துச்சு, பெரிய ஆபீஸ் வாசல்ல கால நீட்டினா சுத்துற மெஷின் வந்துச்சு. இவ்ளோத்தையும் தாங்கிட்டுதான் அவங்க உக்காந்திருந்தாங்க. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக லோக்கல் ரயில நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் இடுப்ப ஒடிச்சது. ஜூன்ல ஓட ஆரம்பிச்சப்போ அத்தியாவசிய வேலைக்காரங்களுக்கு மட்டும்தான். பொதுஜனத்த 2021 பிப்ரவரி 1ஆம் தேதிதான் ஏத்தினாங்க, அதுவும் குறிப்பிட்ட நேரத்துல மட்டும். ஏப்ரல்ல மறுபடி மூடிட்டாங்க. ரெண்டு ஊசி போட்டவங்க ஏறலாம்னு சொன்னது ஆகஸ்ட் 15ல. அன்னன்னிக்கு வர்ற காசுல அன்னன்னிக்கு சாப்பிடறவன் இத்தன மாசம் எப்படி தாங்குவான்? ஊருக்குப் போனவங்க எல்லாரும் திரும்பி வரல. திரும்பி வந்தவங்களுக்கு பழைய கூட்டம் இல்ல, பாதி பேர் வீட்ல இருந்தே வேலை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இது பம்பாய் கஷ்டம் மட்டும் இல்ல. கிவி பாலிஷ் டப்பா ஞாபகம் இருக்கா, அந்தக் குருவி படம் போட்டது? 1906ல மெல்போர்ன்ல வில்லியம் ராம்சேன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அவரோட மனைவி நியூசிலாந்துக்காரங்க, அந்த மரியாதைக்கு அந்த ஊர்ப் பறவை பேர வச்சார். முதல் உலகப் போர் சிப்பாய்ங்க கால்ல ஏறி உலகம் பூரா போன பிராண்டு அது. அதையே 2023ல பிரிட்டன்ல இனிமே விக்கப் போறதில்லன்னு சொல்லிட்டாங்க, பாலிஷ் போடற தோல் ஷூவ யாரும் போடறதில்லங்கறதுதான் காரணம்.

அண்ணா, வீட்லயே பாலிஷ் போட்டா ரெண்டு மணி நேரத்துல மங்கிடுது. அவங்க போட்டா மட்டும் நாள் முழுக்க பளபளன்னு இருக்கே, அப்படி என்னதான் பண்றாங்க? – வாசகி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றிம்மா, ஏன்னா இது ஏதோ சாதாரண வேலைன்னு நினைக்கறவங்கதான் நிறைய.

பாலிஷ்ங்கறது அடிப்படையில மெழுகு. பிரேசில் நாட்டுல ஒரு வகை பனை மரத்தோட ஓலையில இருந்து எடுக்கற கார்னோபா மெழுகு நல்ல பாலிஷ்ல இருக்கும், ரொம்ப கெட்டியான மெழுகு அது. அத டர்பன்டைன் மாதிரி ஒரு கரைப்பான்ல இளக்கி, கலர் சேர்த்து டப்பால அடைக்கறாங்க. மூடியத் திறந்ததும் மூக்குல ஏறுதே ஒரு வாசனை, அது அந்தக் கரைப்பானோடது. தோல உத்துப் பாத்தா மேடும் பள்ளமும் துவாரமுமா இருக்கும், வெளிச்சம் பட்டா நாலா பக்கமும் சிதறும், அதான் மங்கலா தெரியுது. மெழுகு அந்தப் பள்ளத்த எல்லாம் நிரப்பி மட்டமாக்கினா வெளிச்சம் நேரா திரும்பி வரும், அதான் பளபளப்பு.

நாம வீட்ல பண்ற முதல் தப்பு, தூசியோட பாலிஷ அப்பறது. அவங்க முதல்ல ஒரு பிரஷ்ஷால மண்ண மட்டும் தட்டி எடுப்பாங்க, ஷூவுக்கும் அடித்தோலுக்கும் நடுவுல தையல் ஓடுதே, அங்க இருக்கற மண்ணு உட்பட. சாக்ஸ்ல கறை படாம இருக்க ஓரத்துல ஒரு அட்டைத் துண்ட சொருகுவாங்க. ரெண்டாவது தப்பு, அள்ளி அள்ளி பூசறது. விரல் நுனியில எடுக்கற அளவு போதும், மெல்லிசா ரெண்டு தடவ போடறது தடிசா ஒரு தடவ போடறதவிட நல்லா நிக்கும். மூணாவது தப்புதான் பெருசு, பூசின உடனே தேய்க்கறது. கரைப்பான் ஆவியா போகணும், மெழுகு மட்டும் தோல்ல தங்கணும், அதுக்கு கொஞ்ச நேரம் விடணும். அவங்க ஒரு கால்ல பூசிட்டு அடுத்த காலுக்கு போறது ஸ்டைலுக்கு இல்ல, முதல் கால் காயறதுக்கு. அப்புறம் நீள முடி பிரஷ்ஷால வேகமா, அழுத்தாம இழுப்பாங்க, அந்த உரசல் சூட்டுல மெழுகு லேசா இளகி பரவும். கடைசியா துணி. துணியில ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு முன்பக்கத்துல சின்னச் சின்ன வட்டமா தேய்ச்சா கண்ணாடி மாதிரி வரும், தண்ணி இருக்கறதால மெழுகு துணியோட ஒட்டிட்டு வராது. மிலிட்டரிக்காரங்க ஷூ முன்னாடி முகம் தெரியற மாதிரி இருக்கறது இப்படித்தான்.

அந்த ஸ்பாஞ்ச் டப்பாவுல பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய்தான். போட்ட உடனே மின்னும், ஆனா மெழுகு மாதிரி உள்ள தங்கி தோல காப்பாத்தாது. அவசரத்துக்கு ஓகே, அதையே தினமும் போட்டு நல்ல தோல் ஷூவ வீணாக்காதீங்க.

உலகத்துலயே முதல்ல போட்டோவுல விழுந்த மனுஷன் ஷூ பாலிஷ் போட்டுட்டு இருந்தவர்னு படிச்சேன். நிஜமா? – வாசகர், புதுச்சேரி

நிஜம்தான் சார். 1838ல பாரிஸ்ல டகேர்ங்கறவர் ஒரு பெரிய தெருவ படம் எடுத்தார். அந்தக் காலத்து கேமராவுக்கு ஒரு படம் பதிய பல நிமிஷம் ஆகும். தெருவுல வண்டியும் ஜனமும் போயிட்டுதான் இருந்திருக்கும், ஆனா அசையற எதுவும் பதியல, தெருவே காலியா இருக்கற மாதிரி தெரியும். ஒரே ஒருத்தர் மட்டும் கால தூக்கி வச்சு அசையாம நின்னதால விழுந்துட்டார். பாலிஷ் போட்டவரும் கீழ மங்கலா தெரியறார், கை ஆடிட்டே இருந்திருக்கும்ல. அந்தப் படத்த பாக்கறப்பல்லாம் நான் அந்த மங்கலா இருக்கற ஆளத்தான் தேடுவேன்.

ஒரு மனுஷன் கால நீட்ட இன்னொரு மனுஷன் குனிஞ்சு அத தொடைக்கறது ஒழிஞ்சா நல்லதுதானே? அதுக்கு ஏன் ஏக்கம்? எங்க தாத்தா செருப்பு தைச்சவர், எனக்கு இதுல எந்த இனிப்பான நினைவும் இல்ல. – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, இந்த வாரம் வந்ததுல உங்க கடிதத்ததான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன். நீங்க கேக்கறது நியாயம். தோல் வேலைய சில சாதிங்க தலையில கட்டி, அந்த வேலை பாக்கறாங்கங்கறதுக்காகவே அவங்கள தொடக்கூடாதுன்னு ஊருக்கு வெளிய வச்ச நாடு இது. அவங்க தைச்ச செருப்பு வேணும், ஆனா அந்த செருப்ப அவங்களே மாட்டிட்டு தெருவுல நடக்கக்கூடாதுன்னு சட்டம் பேசின ஊருங்க நம்ம ஊருங்கதான். அதே தோல பத்தி அடையார்ல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948ல இருந்து ஆராய்ச்சி பண்ணுது, அண்ணா பல்கலைக்கழகத்துல தோல் தொழில்நுட்பம்னு பி.டெக் இருக்கு, அங்க அது விஞ்ஞானம். ரோட்டோரம் அதே தோல்ல ஊசி குத்தினா அது சாதி. 2009ல தமிழ்நாட்டுல அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் உள் ஒதுக்கீடு செல்லும்னு சொல்லிடுச்சு. அந்த வழியா தோல் பக்கமே வராம டாக்டராவும் இன்ஜினியராவும் போற பிள்ளைங்கள பாத்து எனக்கு சந்தோஷம்தான், ஒருத்தர்கூட அப்பா விட்ட பெட்டிய எடுத்துட்டு உக்காரணும்னு நான் ஆசைப்படல.

ஆனா ஒண்ணு சொல்லணும். சர்ச்கேட்ல எனக்கு வழக்கமா போடறவர் பீகார்க்காரர். ரெண்டு வருஷம் பழகினப்புறம் ஒருநாள் சொன்னார், ஊர்ல யாருக்கும் தான் என்ன வேலை பாக்கறோம்னு தெரியாது, ரயில்வேல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்னு. பொய்யும் இல்ல, ரயில்வே லைசென்ஸ் சட்டைப் பையிலயே இருந்துச்சு. பல வருஷம் கழிச்சு பொலிவியா நாட்டுல லா பாஸ்ங்கற ஊரப் பத்தி தெரிஞ்சப்போ அவர்தான் ஞாபகம் வந்தார். அங்க ஷூ பாலிஷ் போடறவங்க கண்ணு மட்டும் தெரியற மாதிரி முகத்த முழுசா மூடிட்டுதான் வேலை பாப்பாங்க, சொந்தக்காரங்களோ கூடப் படிக்கறவங்களோ பாத்துடக் கூடாதுன்னு. அவங்களும் சேர்ந்து உருவாக்கற ஒரு பத்திரிகையும் உண்டு, தெருவுல வித்து வர்ற காசு அவங்களுக்கு.

இவங்க ரெண்டு பேரையும் வெக்கப்பட வச்சது யாருங்கறதுதான் என் கேள்வி. அமெரிக்கால ஏர்போர்ட்ல வாடிக்கையாளர் நாற்காலிய மேடை போட்டு உசத்தி வச்சிருப்பாங்க, பாலிஷ் போடறவர் நின்னுட்டோ ஸ்டூல்ல உக்காந்தோ வேலை பாப்பார், முதுகும் முட்டியும் தப்பிச்சுது, பேச்சும் நேருக்கு நேர். ரெண்டடி உசரத்துக்கு ஒரு மேடை, அத நம்ம ஸ்டேஷன்கள்ல இத்தன வருஷமா யாருக்கும் போடத் தோணல. இந்த வேலைக்கு முடி வெட்டற கூலியில பாதியாவது கொடுக்கணும்னும் தோணல. உங்க தாத்தாவுக்கு இனிப்பான நினைவு இல்லாம போனதுக்கு அந்த ஊசி காரணமா இருந்திருக்காதுன்னு நினைக்கறேன் தம்பி. அவர் கை வேலை எப்படி இருந்துச்சுன்னு வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. எனக்கும் எழுதுங்க.

சிக்னல்ல, பீச்சுல சின்னப் பசங்க பாலிஷ் டப்பாவோட வந்து கெஞ்சறாங்க. பாவமா இருக்கு, போட்டுக்கலாமா? – வாசகி, சென்னை

வேண்டாம்மா. 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள எந்த வேலைக்கும் வச்சுக்கக் கூடாதுன்னு 2016ல சட்டத்த திருத்தியாச்சு. நீங்க கொடுக்கற காசு நாளைக்கும் அவன அங்கயே நிக்க வைக்கும். 1098க்கு போன் பண்ணி இடத்த சொல்லுங்க, அது குழந்தைங்களுக்கான இலவச உதவி எண். பிரேசில் அதிபர் லூலா சின்ன வயசுல பாலிஷ் போட்டவர், பெருவுல 2001ல அதிபரான டொலேடோவும் அப்படித்தான்னு சொல்லி, கஷ்டப்பட்டாதான் மேல வர முடியும்னு சில பேர் பேசுவாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ இத்தாலியில அமெரிக்க சிப்பாய்ங்க பின்னாடி பெட்டிய தூக்கிட்டு ஓடின பசங்களுக்கு 'ஷூஷைன்'ங்கற வார்த்தை வாயில நுழையாம 'ஷுஷா'ன்னு ஆகி, அதுவே அவங்க பேரா போச்சு, அந்த பசங்கள்ல எத்தன பேர் அதிபர் ஆனாங்க?

ஸ்கூல் பிள்ளைங்க ஷூ இப்போ பாதி ரெக்சின், பாலிஷ் ஏறவே மாட்டேங்குது. என்ன பண்றது? – ஆசிரியை, தஞ்சாவூர்

ரெக்சின் மேல மெழுகு உக்காராதும்மா, துவாரம் இல்ல. ஈரத்துணியால தொடைச்சா போதும், பாலிஷ் வாங்கற காசு மிச்சம். தோல் ஷூவா இருந்தா ஞாயித்துக்கிழம சாயந்தரம் பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு அவன் ஷூவ அவனையே போட விடுங்க. சட்டையில கறை ஆகும், ஆகட்டும்.

எங்க பஸ் ஸ்டாப்புல இருபது வருஷமா உக்காந்திருக்கற செருப்பு தைக்கிறவர மாசம் ஒரு தடவ வந்து கிளப்பறாங்க. பெட்டிய தூக்கிட்டு போயிடறாங்க. நாங்க ஏதாவது பண்ண முடியுமா? – வாசகர், சேலம்

முடியும் சார். 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விக்கறவங்களுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அதுல தெருவுல சேவை செய்யறவங்களும் உண்டு, உங்க ஆளும் அதுல வருவார். ஊருக்கு ஒரு நகர விற்பனைக் குழு இருக்கணும், அதுல 40 சதவீதம் பேர் வியாபாரிகளாவே இருக்கணும். கணக்கெடுப்புல பேர் சேர்ந்து விற்பனைச் சான்றிதழ் வாங்கிட்டா சட்டுன்னு கிளப்ப முடியாது, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும். பொருள எடுத்துட்டு போனாலும் என்னென்ன எடுத்தோம்னு பட்டியல் கொடுக்கணும். தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020 ஜூன்ல ஆரம்பிச்ச பிஎம் ஸ்வநிதி கடனும் செருப்பு தைக்கிறவங்களுக்கு உண்டு, அடமானம் வேண்டாம், முதல்ல 10,000 ரூபாயா இருந்துச்சு, அப்புறம் உயர்த்தினாங்க. அவருக்கு ஃபார்ம் பூர்த்தி பண்ணத் தெரியாம இருக்கலாம், ஆதார்ல இருக்கற போன் நம்பர் பழசா இருக்கலாம். ஒரு அரை நாள் லீவு போட்டு கூட போய் நில்லுங்க, நகராட்சி ஆபீஸ்ல படிச்ச ஒருத்தர் பக்கத்துல நிக்கறதே பெரிய வித்தியாசம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான் நடந்துச்சு. வாஷிங்டன்ல பொது இடத்துல பாலிஷ் போடக்கூடாதுன்னு 1905ல ஒரு விதி, அத வச்சு ஈகோ பிரவுன்னு ஒருத்தர தெருவுல இருந்து கிளப்பினாங்க. வீடு இல்லாம தெருவுல கிடந்தவங்களுக்கும் தன் தொழில்ல இடம் கொடுத்தவர் அவர். விடாம கோர்ட்டுக்கு போனார், 1989ல அந்த விதிய கோர்ட் ரத்து பண்ணிடுச்சு.

நீங்க கடைசியா எப்போ பாலிஷ் போட்டுக்கிட்டீங்க? – வாசகர், ஈரோடு

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மும்பை போனப்போ. சர்ச்கேட்ல என் பழைய ஆள் இல்ல, இருக்க மாட்டார்னு தெரியும், இருந்தாலும் அந்த இடத்துக்கு போய் நின்னேன். வேற ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், பெட்டியில தட்டிட்டு இருந்தார். மேல எழுதின தம்பி கேட்ட கேள்வி எனக்குள்ளயும் ரொம்ப வருஷமா இருக்கு, அதனால கால பெட்டி மேல வைக்க மனசு வரல, ஷூவ கழட்டி கையில கொடுத்துட்டு சாக்ஸோட பேப்பர் மேல நின்னேன். அவர் ஷூவ கையில வாங்கி திருப்பிப் பாத்துட்டு என்கிட்டயே நீட்டினார். "மாட்டிக்கோங்க சாப், உள்ள கால் இருந்தாதான் தோல் விறைப்பா நிக்கும், மடிப்புல எல்லாம் பாலிஷ் ஏறும். வெறும் ஷூல நல்லா வராது"ன்னு ஹிந்தில சொன்னார்.

மாட்டிட்டு கால வச்சேன். ரெண்டு நிமிஷம் ஒரு வார்த்தை பேசல. முன்பக்கத்துல ஒரு பழைய கீறல், அதுக்கு மட்டும் மூணு தடவ போட்டார். அப்புறம் டக்குன்னு ஒரு தட்டு, அடுத்த கால வச்சேன்.